தூணை எங்கே வைப்பது என்று எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

அன்புள்ள கட்டடக்கலை மாணவர்களுக்கு,

இன்னும் சில வருடங்களில் நீங்கள் வரைந்த பிளான் என்னைப் போன்ற யாரோ ஒருவருடைய மேசைக்கு வரும். அதற்கு முன்னாலேயே கொஞ்சம் பேசிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் "அப்போ வீட்டுக்கு பிளான் போடுவீங்களா?" என்பார்கள். இல்லை என்றால், "கூட நின்னு கட்டித் தருவீங்களா?" என்பார்கள். அதுவும் இல்லை. "கட்டினது விழாம பாத்துக்குவேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

ஒரு வாசலை வரையும்போது, யார் அதன் வழியாக வருவார்கள், வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று நீங்கள் யோசிப்பீர்கள். அதே வாசலைப் பார்த்தால் எனக்கு, அதன் மேலே இருக்கிற சுவரின் எடை எந்தப் பக்கமாகக் கீழே இறங்கும் என்றுதான் ஓடும். ஸ்லாப் என்கிற கான்கிரீட் தளத்திலிருந்து அதைத் தாங்கும் பீமுக்கு, பீமிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. இந்த வழி எங்கேயும் அறுந்துவிடாமல் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. மீதிப் பாதி, காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும்போது என்ன ஆகும் என்ற கணக்கு.

15 செ.மீ. தடிமனில் போட்ட கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ இருக்கும். குடியிருப்புகளில் ஆட்களுக்கும் மேசை நாற்காலிக்கும் சேர்த்து அதே சதுர மீட்டருக்கு நாங்கள் வழக்கமாகக் கணக்கில் எடுப்பது சுமார் 200 கிலோ. ஒரு வீடு தன்னைத் தானே சுமப்பதற்குத்தான் அதிகம் பாடுபடுகிறது என்று இதிலேயே தெரியும்.

சரி, பிளான் வருகிறது. கீழே 10 மீட்டர் ஹால், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேல் மாடியைப் புரட்டினால், அந்த ஹாலுக்கு நேர் நடுவில் ஒரு தூண். அது கீழே எதன் மேல் நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஒரு பீமின் நீளத்தை இரண்டு மடங்காக்கி, மற்றதை எல்லாம் அப்படியே விட்டால், அது தொய்வது இரண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு. அதனால் பீமின் ஆழத்தைக் கூட்டுவேன். கூரை தாழ்ந்துவிட்டது என்று நீங்கள் கோபப்படுவீர்கள். வாடிக்கையாளரிடம் எல்லாவற்றையும் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு வந்து கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு. எங்கள் ஆட்களிலும் வாயைத் திறந்தாலே 'முடியாது' என்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 'முடியாது'வில் பாதி, எங்களிடம் தாமதமாக வந்ததால் வருவது.

சிட்னி ஓபரா ஹவுஸ் படம் உங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கலாம். 1957-இல் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது, அந்தக் கூரைகள் கையால் இழுத்த வளைவுகள். கணக்குப் போட ஏற்ற வடிவியல் அவற்றுக்கு இல்லை. கூரை எப்படி நிற்கும் என்பது முடிவாவதற்கு முன்பே, 1959-இல் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். உட்சனும், ஸ்ட்ரக்சுரல் வேலையைப் பார்த்த ஓவ் அரூப் நிறுவனத்தின் இன்ஜினியர்களும் வடிவம் மாற்றி வடிவம் முயன்று, கடைசியில் எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டிய துண்டுகளாக ஆக்கினார்கள். அப்புறம்தான் கூரையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற வளைவுகளை ஒரே மாதிரி அச்சுகளில் வார்க்க வழி பிறந்தது. ஆனால் ஏற்கெனவே கீழே கட்டியிருந்த தூண்களுக்குப் புதிய கூரையைத் தாங்கப் பலம் போதவில்லை. அவற்றை மறுபடி செய்ய வேண்டி வந்தது. கட்டடம் திறந்தது 1973-இல். இதைச் சொன்னால் எல்லோரும் கூரையைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்தத் தூண்கள்தான் கண்ணில் நிற்கும்.

சிகாகோவில் 1969-இல் முடிந்த ஜான் ஹான்காக் கட்டடத்தில் கதை வேறு. ஆர்க்கிடெக்ட் புரூஸ் கிரஹாமும் டாக்காவில் படித்து வளர்ந்த இன்ஜினியர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானும் ஒரே நிறுவனத்தில் இருந்தவர்கள். 100 மாடி. காற்றைத் தாங்கும் பெரிய குறுக்குச் சட்டங்களை உள்ளே ஒளிக்காமல் வெளியே பெருக்கல் குறியாகத் தெரிய விட்டார்கள். அதுவே கட்டடத்தின் முகம் ஆகிவிட்டது. அதில் எது கிரஹாமின் கோடு, எது கானின் கோடு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

அவ்வளவு உயரம் வேண்டாம், ஒரு பால்கனிக்கு வருகிறேன். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மாலை சைட்டுக்குப் போயிருந்தேன். 1.5 மீட்டர் வெளியே நீளும் பால்கனி. மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி அதன் தளத்தை அறையைவிட 7 செ.மீ. இறக்கச் சொல்லி ஆர்க்கிடெக்ட் போனில் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

வெளியே நீளும் தளத்தில் மேல்பக்கம்தான் இழுபடும், அதனால் முக்கியமான கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. டேப்பை வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 8 செ.மீ.யில் கிடந்தது. "சார் இறக்கச் சொன்னாரு, அதான் கம்பியையும் வளைச்சு அமுக்கிட்டேன்" என்றார் கம்பி கட்டுபவர். அவர் மேல் என்ன தப்பு? அந்த 4 செ.மீ.யில் பால்கனியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, கான்கிரீட் போட்ட பிறகு எனக்கும்தான் தெரிந்திருக்காது. வேலையை நிறுத்தி, இறக்கத்துக்கு ஏற்ற மாதிரி புதுக் கம்பி வரைந்து கொடுத்தேன். இரண்டு நாள் தாமதம். ஆர்க்கிடெக்ட் கோபித்துக்கொண்டார், அப்புறம் சரியாகிவிட்டார்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதல் ஸ்கெட்ச் போட்டதும், அழகான பிரின்ட் எடுப்பதற்கு முன்னால், ஒரு மணி நேரம் எங்களோடு உட்காருங்கள். மண் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சைட்டில் எதையாவது மாற்றினால், சின்ன மாற்றம்தானே என்று விட்டுவிடாமல் ஒரு போன் செய்யுங்கள். ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்