பால்கனியா, ஜன்னலா: அலாஸ்கா போகிற தோழிக்கு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் கைத்தடி இல்லாமல் தெருமுனைக் கடை வரை நடந்துபோய்ப் பால் வாங்கி வருகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெம்பாக நடமாடுவதற்கு உடம்பைவிட மனசுதான் ஒத்துழைக்க வேண்டும். அண்ணாவுக்கு அது எப்போதும் உண்டு. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அதனால் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஊரடங்கு. குக்கர் விசில் அடித்தால்கூட மருமகள் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

அலாஸ்கா கப்பல் சுற்றுலா விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் வான்கூவரில் இருக்கும் உன் மகள் நான்கு விலைகளை அனுப்பியிருக்கிறாள்: ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்கிற பெரிய சொகுசு அறை. தூங்கி எழுவதற்கு எதற்கு இவ்வளவு பணம், உள்ளறையே போதும் என்பது உன் கட்சி. அவ்வளவு தூரம் போய்ச் சுவரையா பார்ப்பாய் என்பது அவள் கட்சி. போன கோடையில் மகனோடு போய் வந்தவள் என்பதால் என்னை நடுவராக உட்கார வைத்திருக்கிறாய். தீர்ப்பு சொல்கிறேன். ஆனால் நீங்கள் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது? அறையின் மதிப்பே அதைப் பொறுத்துத்தான் ஏறும், இறங்கும்.

அமெரிக்காவின் சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பல்களில் பெரும்பாலானவை வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் போகின்றன. போகும்போதும் வரும்போதும் ஒரு முழுப் பகல் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. காற்றும் ஆட்டமும் இருக்கும். எங்கள் கப்பல் அப்படிப்பட்டதுதான். அந்த நாட்களில் பால்கனிக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தார்கள். வான்கூவரில் புறப்படுகிற கப்பல் அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நீர்வழியில் நுழைகிறது. இரண்டு பக்கமும் கரை, காடு, மலை, அலையும் குறைவு. அந்த வழியில் சீமோர் நேரோஸ் என்று ஒரு கழுத்து இருக்கிறது. அதன் நடுவில் நீருக்கடியில் ஒளிந்திருந்த ஒரு பாறை நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் சேதப்படுத்தியோ மூழ்கடித்தோ இருக்கிறது. கடைசியில் 1958 ஏப்ரல் 5 அன்று அதைக் குடைந்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றைக்கும் நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கின்றன. இந்த மாதிரி வழியில் போகிற கப்பலில் பால்கனிக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. மகள் வான்கூவரிலேயே இருக்கும்போது சியாட்டிலுக்கு எதற்குப் போக வேண்டும்?

இனி, பனியாற்று நாள்; மலையிலிருந்து கடல் வரை மெல்ல நகர்ந்து வரும் பனிக்கட்டிப் பெருக்கைப் பார்க்கிற நாள். எல்லோரும் பால்கனி வாங்குவதே அந்த ஒரு நாளை நினைத்துத்தான். உன் கப்பல் அலாஸ்காவின் கிளேசியர் பே (பனியாற்று வளைகுடா) தேசியப் பூங்காவுக்குள் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள். கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் எல்லாக் கப்பலுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. காலையில் பூங்காவின் அலுவலர்கள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறி வருவார்கள். பிறகு நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம். 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது அங்கே வளைகுடா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வாயிலிலேயே பனிச்சுவர் மறித்து நின்றது. அதற்கு முன்பே, முன்னேறி வந்த பனி ஹூனா டிலிங்கிட் என்கிற பழங்குடி மக்களை அவர்களுடைய ஊரிலிருந்து விரட்டிவிட்டிருந்தது. 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்து பார்த்தபோது அதே பனி நாற்பது மைலுக்குமேல் பின்வாங்கியிருந்தது. இன்று சுமார் 65 மைல் உள்ளே போனால்தான் அதன் முகத்தைப் பார்க்க முடிகிறது. கப்பல் மணிக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது, இந்த இடமெல்லாம் பனிக்கட்டியாக இருந்தது என்று கேட்டால் நம்ப முடியாது. கரையில் முதலில் பெரிய மரங்கள், பிறகு குட்டை மரங்கள், பிறகு புதர், கடைசியில் மொட்டைப் பாறை. பனி விட்டுப்போன வரிசையிலேயே காடு வளர்ந்திருக்கிறது.

உள்ளே மார்ஜரி பனியாறு. ஏறக்குறைய ஒரு மைல் அகலம், தண்ணீருக்குமேல் 250 அடி உயரம். எங்கள் கப்பல் அதன் எதிரில் ஒரு மணி நேரம் போல நின்றது. மேல்தளத்தில் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றோம். எல்லோரும் இடது ஓரத்தில் தூள் பறந்த ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவிலிருந்து ஒரு நீலத் துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. தண்ணீர் எழும்பிய பிறகுதான் இடிச் சத்தம் காதுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் கையிலிருந்த சூப்பைக் கீழே கொட்டிவிட்டார். (பட்டாணி சூப் கொடுப்பார்கள். டச்சுக்காரர்கள் முறையில் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது உண்டு. நீ கேட்டுவிட்டு வாங்கு.)

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் மேல்தளத்தில் நின்றவர்களுக்குச் சுற்றிலும் தெரிந்தது; பால்கனியில் நின்றவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது. கப்பலை ஒரே இடத்தில் வைத்து மெதுவாகச் சுற்றுவார்கள், அதனால் எந்தப் பக்கத்து அறைக்கும் நஷ்டம் இல்லை. இடப்பக்கமா வலப்பக்கமா என்று உன் மகள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பனி எப்போது இடியும் என்று யாருக்கும் தெரியாது. உன் பால்கனி திரும்பியிருக்கும் நேரம் பார்த்தா அது விழப்போகிறது? காலில் வலு இருப்பவர்களுக்கு அன்று பால்கனியைவிட மேல்தளமே மேல். அதற்குத் தனியாகக் காசும் கிடையாது.

அப்படியானால் பால்கனி எதற்கு? மற்ற நேரங்களுக்கு. ஜூனில் அங்கே விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கும் முழுசாக இருட்டுவதில்லை. உனக்கோ நான்கரைக்கு விழிப்பு வரும், விடுதியிலேயே எங்களைத் தூங்கவிட மாட்டாய். அந்த நேரத்தில் உடை மாற்றி, லிஃப்ட் பிடித்து, மேலே போய்க் குளிரில் நிற்பதற்கு யாருக்கு மனசு வரும்? எங்களுக்குப் பெரிய கண்ணாடி வைத்த ஜன்னல் அறை. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே மலைச் சரிவில் மெல்லிய அருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதைப் பார்த்தேன். குறை என்றால், வெளிப்பக்கக் கண்ணாடியில் உப்புத்துளி காய்ந்து புள்ளி புள்ளியாக இருந்தது, நாம் துடைக்கவும் முடியாது. இன்னொன்று, சத்தம் உள்ளே வராது. திமிங்கிலம் மூச்சுவிடும் சத்தத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்க முடியாது. ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இரை தேடி அங்கே வருகின்றன அவை. அந்த மூச்சுச் சத்தத்துக்காகவே பால்கனி கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

உள்ளறையைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் அதில்தான் இருந்தான். விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு; இரவிலும் முழுசாக இருட்டாத ஊரில் அவன் ஒருவன்தான் நன்றாகத் தூங்கினான். பகலெல்லாம் வெளியில் சுற்றி, இரவு படுக்க மட்டும் வருகிறவர்களுக்கு அது லாபம். ஆனால் அண்ணா காலை நீட்டி ஓய்வெடுக்க வேண்டிய மத்தியானங்களில் நீ அந்த நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருப்பாய், அல்லது அவரைத் தனியே விட்டுவிட்டு மேலே நிற்பாய். இரண்டும் உனக்கு ஒத்துவராது. சூட்டைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பணத்துக்கு இன்னொரு முறை போய் வரலாம்.

ஆகவே என் தீர்ப்பு: வான்கூவர் கப்பல் என்றால் பால்கனி, சியாட்டில் கப்பல் என்றால் ஜன்னல். அண்ணாவின் முழங்காலை உத்தேசித்துத்தான் பால்கனி என்கிறேன். அவரால் ஒரு மணி நேரம் கூட்டத்தில் நிற்க முடியாது; நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதிப் பனியாறு பார்த்தாலும் பார்த்ததுதான். அவருக்குத் துணையாக மகள் இருப்பாள், நீ மேலே ஓடிவிடு.

எந்த வகை என்று முடிவானதும் அறை எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். 'உத்தரவாத அறை' என்று மலிவாக ஒன்று காட்டும். வகை மட்டும் உறுதி, இடத்தை அவர்கள் விருப்பப்படி கொடுப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்னோக்கியோ பின்னோக்கியோ கடைசியில் இருக்கும் அறையில் ஆட்டம் அதிகம், சாப்பாட்டுக்கு நடையும் நீளம். அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று தள வரைபடத்தில் பார்க்கச் சொல். மேலே சாப்பாட்டுக் கூடம் இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தொடங்கிவிடும். கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் தங்கும் அறைகளே இருப்பதுதான் நல்லது. பார்வை மறைக்கப்பட்ட அறை என்று விலை குறைத்துப் போட்டிருந்தால், ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்குகிறது என்று பொருள். சிலவற்றில் படகுக்கு மேலே கொஞ்சம் தெரியும், சிலவற்றில் ஆரஞ்சு நிறம் மட்டும்தான் தெரியும்.

விலை ஒரு ஆளுக்குப் போட்டிருப்பார்கள், அதுவும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில். துறைமுக வரி, பணியாளர்களுக்கான தினசரிக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகு நான்கு விலைகளையும் ஒப்பிடு. அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். அதை இப்போதே கவனி. சியாட்டில் கப்பலுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 1886-இல் போட்ட ஒரு சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும், அதற்காகவே கனடாவின் விக்டோரியாவில் நிறுத்துவார்கள்.

வழியில் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் இறங்கினால் 1900-இல் கட்டி முடித்த குறுகிய பாதை ரயில் ஒன்று மலையேறுகிறது. ஏறும்போது இடப்பக்க இருக்கையைப் பிடி, பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். இன்னொரு துறைமுகமான கெட்ச்சிக்கனில் மழை பெய்யாத நாளைப் பார்ப்பது அரிது. குடை காற்றில் நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்.

மகளிடம் கப்பலின் பெயரையும் அவள் பார்த்து வைத்திருக்கும் அறை எண்களையும் எனக்கு அனுப்பச் சொல். பேத்தியின் தேர்வு முடிவதற்குள் வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறேன். இப்போதைக்கு இந்த வீட்டில் சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை அதுதான்.

அண்ணாவுக்கு என் வணக்கங்கள்.

அன்புடன்,
சரோஜா