பாதி பளபளக்கும் இம்ப்ளான்ட்: பதில் கேட்டு ஐந்தாவது கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மேற்பரப்பு சரியில்லாத டைட்டானியம் பல் இம்ப்ளான்ட் லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை) குறித்த புகார்

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விஷயத்துக்காக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒற்றை வரிதான் பதில்.

பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகி வைக்கும் இம்ப்ளான்ட்டுகள் பத்தை உங்களிடம் வாங்கினேன். அதில் ஒன்றை என் நோயாளி ஒரு அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் வைத்தேன். சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, எலும்பு நல்ல கெட்டி. வைத்த அன்று 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசைக்கு நல்ல பிடிப்பு இருந்தது. எட்டாவது வாரம், மேலே பல்லைத் தாங்கும் இணைப்புத் துண்டான அபட்மென்ட்டை முடுக்கப் போனால் இம்ப்ளான்ட்டே கூடச் சுழல்கிறது. வலியில் அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே எடுத்துக் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல் பாதி மங்கிய சாம்பல் நிறம், கீழ்ப் பாதியில் கடைசலில் இருந்து வந்த அதே பளபளப்பு. அதே லாட்டில் இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் அப்படியே.

இதைச் சொன்னதற்கு உங்கள் உதவி எண்ணில் பேசியவர் என்ன சொன்னார் தெரியுமா? "திருகாணி எல்லாம் ஒண்ணுதான் டாக்டர், உங்க கையை மாத்திப் பாருங்க." பதினைந்து வருடமாக இம்ப்ளான்ட் வைக்கிறேன். இப்படி ஒரு பேச்சை நான் யாரிடமும் கேட்டதில்லை.

அலுமினாத் துகளை வீசி அடித்துப் பெரிய பள்ளங்கள், பிறகு அமிலத்தில் முக்கி அவற்றுக்குள்ளே நுண்குழிகள் என்று உங்கள் கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறீர்கள். ரத்த உறைவின் இழைகள் பற்றிக்கொள்வதும், அதன் வழியே எலும்புச் செல்கள் உலோகம்வரை வந்து சேர்வதும் அந்தச் சொரசொரப்பில்தான். அந்தச் சொரசொரப்பு சராசரியாக 1 முதல் 2 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வழவழப்பான இம்ப்ளான்ட் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. டைட்டானியம் இம்ப்ளான்ட்டின் முன்னோடியான ஸ்வீடன் மருத்துவர் ப்ரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்ததும் கடைசலில் வெட்டிய வகைதான். ஆனால் அதற்குக் கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் காத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் நானும் காத்திருப்பேன். 6 வாரத்தில் பல் கட்டலாம் என்று அட்டையில் அச்சடித்தது நீங்கள்.

மூன்றாவது கடிதத்துக்கு முன்னால் இரண்டு இம்ப்ளான்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிடங்குக்கே வந்தேன். அன்று காலை நேரம் வாங்கியிருந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு வந்தேன். நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். கிருமி நீக்கி மூடிய குப்பியைப் பிரிக்காமல் அதன் மேற்பரப்பை எந்தக் கண்ணால் பார்ப்பது? தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போது வேறு மருத்துவரிடம் போகிறார். அவர் சொல்லி வந்தவர்களும் வருவதில்லை. என் பெயரே போய்விட்டது, ஐயா. இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

உங்கள் மீது எனக்குப் பகை இல்லை. இத்தனை நாள் உங்கள் பொருளைத்தான் நம்பி வைத்தேன். அந்த லாட்டின் மேற்பரப்பு சோதனை அறிக்கையை அனுப்புங்கள். துகள் வீச்சும் அமிலமும் முழுதாகப் பட்டதா, பாதிதானா என்று சொல்லுங்கள். மீதி எட்டையும் திரும்ப எடுங்கள். இதே லாட் வேறு எந்த மருத்துவர்களிடம் போயிருக்கிறதோ அவர்களுக்கு இன்றே தகவல் கொடுங்கள். அவர்களும் ஆறாவது வாரத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். தொலைபேசியில் பேசியவர் என்னிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளிடமும் நுகர்வோர் நீதிமன்றத்திலும் இந்தக் கடிதங்கள் ஐந்தையும் வைப்பேன். லாட் ஸ்டிக்கரின் நகலும் இரண்டு இம்ப்ளான்ட்டின் படங்களும் இணைத்துள்ளேன். அசல் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கூரியரில் அனுப்ப மாட்டேன். உங்கள் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளரான ஒரு பல் மருத்துவர்