தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2009

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், கோடைச் சுற்றுலா, தீபாவளி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். மண்டப வாடகையும் கூடியிருக்கிறது. மற்றபடி செயற்குழுவின் நேரத்தை விழுங்கியது டெசர்ட் ராக் விவகாரம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நியூ மெக்சிகோ மாநிலத்தில், நம் ஆல்புகர்க்கிக்கு வடமேற்கே, பர்ன்ஹாம் பக்கம் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் டெசர்ட் ராக் என்ற 1,500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவது சித் குளோபல் நிறுவனமும் நவஹோ அரசின் டினே பவர் அத்தாரிட்டியும் சேர்ந்து போட்ட திட்டம். அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இரண்டு நிலையங்கள் புகை கக்குகின்றன: 1963 முதல் ஃபோர் கார்னர்ஸ், 1973 முதல் சான் வான். மூன்றாவதுக்கு 2008 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் முகமை அனுமதி தந்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறியதும், இந்த ஏப்ரலில், அதே முகமை அனுமதியை மறுபடி ஆராய வேண்டும் என்றது. செப்டம்பரில் அந்த முகமையின் மேல்முறையீட்டு வாரியமும் அதை ஏற்றுக்கொண்டது.

எதிர்த்துத் தீர்மானம் போடலாம் என்று சிலர் கேட்டார்கள். நிலக்கரிப் புகையால் சான் வான் ஆற்று மீனில் பாதரசம் சேர்வதைச் சொன்னார்கள். சரி. ஆனால் நவஹோ தலைவர் ஜோ ஷெர்லி திட்டத்தை ஆதரிக்கிறார். ஆண்டுக்கு 5 கோடி டாலர் வருமானம், நிரந்தர வேலைகள் என்கிறார்கள். வேலையில்லாத ஊருக்கு வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று சிலர் கிளம்பினோம். தலைக்கு மேலே உயர்அழுத்தக் கம்பிகள். கீழே இருக்கும் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. பிக்கப் வண்டியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிவந்த ஒரு பாட்டி, இறங்கி, கம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார். 2006 டிசம்பர் குளிரில் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் பாதையை மறித்து உட்கார்ந்தவர்களும் இவரைப் போன்ற முதியவர்கள்தான். புதிய நிலையத்தின் மின்சாரமும் பீனிக்ஸ், லாஸ் வேகஸ் பக்கம் போவதற்குத்தான்.

அப்புறம், நமக்கு மின்சாரம் தரும் பி.என்.எம். நிறுவனத்துக்கு அந்தப் பழைய நிலையங்கள் இரண்டிலும் பங்கு உண்டு. இந்த மண்டபத்து விளக்கும் அதில் அடக்கம். ஆகவே, மூன்றாவதை மட்டும் எதிர்த்து எழுதுவது அரைகுறை என்பது என் கருத்து. பழைய இரண்டின் புகையைக் குறைக்கவும், கம்பிக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கு இணைப்புத் தரவும் கேட்டுத்தான் தீர்மானம் இருக்க வேண்டும். செயற்குழுவில் இதற்கு ஒருமித்த ஆதரவு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரைவு உங்கள் கையில் இருக்கிறது. பொருளாளர் கணக்கு வாசித்ததும், சாப்பாட்டுக்கு முன்பே, வாக்கெடுப்பை வைத்துக்கொள்வோம். போன வருடம் சாப்பிட்ட கையோடு பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

செயலாளர்