தேர்ச்சிப் பட்டியலில் இன்னொரு கட்டம் வேண்டும்

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிவு வரும் மே மாதம் எங்களுக்குத் தலைகுனிவு மாதம். 2024-இல் எங்கள் மாவட்டத்தின் தேர்ச்சி 82.07 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. 2025-இல் 85.44-க்கு ஏறினோம், அப்போதும் கடைசிதான். அந்த வருடம் முதலில் வந்த சிவகங்கை 98.31.

"பீடி சுற்றுகிற குடும்பங்கள், மலைக்கிராமங்கள், வேறென்ன எதிர்பார்ப்பது?" என்று இங்கே சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2011 கணக்கெடுப்பில் அரியலூரின் எழுத்தறிவு சுமார் 71 சதவீதம், மாநில சராசரி 80. அந்த அரியலூர்தான் 2024-இல் பத்தாம் வகுப்பிலும் 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதலிடம். எழுத்தறியாத வீட்டுப் பிள்ளை தேறாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சரி, அரியலூர் எப்படிச் சாதித்தது? பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதில் இருப்பது எழுதியவர்களும் தேறியவர்களும் மட்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பில் தலா 60 பேர். முதல் பள்ளியில் 50 பேர் தேர்வெழுதி 48 பேர் தேறினால் 96 சதவீதம். இரண்டாவதில் 58 பேர் எழுதி 50 பேர் தேறினால் 86 சதவீதம். கூடுதலாக இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது இரண்டாவது பள்ளி. ஆனால் ரிவியூ மீட்டிங்கில் திட்டு வாங்குவது அந்தத் தலைமை ஆசிரியர்தான்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம், "பையன் பாஸாக மாட்டான், டி.சி. வாங்கிக்கொண்டு போய் தனித்தேர்வராக எழுத வையுங்கள்" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். பீடி சுற்றிப் பிழைப்பவள், எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. பையன் இப்போது லாரிப் பட்டறையில் இருக்கிறான். அந்த வருடம் அந்தப் பள்ளியின் சதவீதம் நன்றாகவே இருந்தது!

மாணவர்களுக்கு ரேங்க் அறிவிப்பதை 2017-இல் நிறுத்தினீர்கள், நல்ல காரியம். மாவட்டங்களுக்கு மட்டும் ஏன் விடவில்லை என்று கேட்கமாட்டேன். ஒப்பிடுங்கள், ஆனால் ஒத்ததோடு ஒப்பிடுங்கள். குடியாத்தத்துப் பள்ளியை, அதேபோல் பீடித் தொழில் உள்ள தென்காசிப் பக்கத்துப் பள்ளியோடு வைத்துப் பாருங்கள். அணைக்கட்டு மலைப் பள்ளியை திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைப் பள்ளியோடு வைத்துப் பாருங்கள். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று அப்போதுதான் கேட்க முடியும்.

இதற்குப் புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை. ஆசிரியர்கள் வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டே ஏற்றிய விவரமெல்லாம் உங்கள் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் கிடக்கிறது. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை ஆசிரியர் இடம் காலி. அடுத்த மே மாதம் தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சிடுங்கள். முடியாதென்றால், ஜூன் மாதக் குழுக் கூட்டத்துக்கு எங்கள் பள்ளியின் கணக்கை மட்டுமாவது ஒரு தாளில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர், வேலூர் மாவட்டம்