டிக்கெட்டுக்கு வயது, ராட்டினத்துக்கு உயரம்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து குடும்பங்களைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பொங்கலுக்குப் பொங்கல் பிள்ளைகளை நிற்கவைத்துப் போடுகிற கோடு. போன மே மாதம் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது மகள் 120 சென்டிமீட்டர், மகன் 99. பாஸ்போர்ட் நகல், போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று உங்களில் ஒருவர் எங்களிடம் வாங்கிய காகிதம் ஒரு ஃபைல் நிறைய இருக்கும். இந்த இரண்டு எண்களை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

அங்கே செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. இருட்டுக்குள் பாயும் மம்மி ரோலர் கோஸ்டரில் ஏற 122 சென்டிமீட்டர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ராட்டினத்துக்கு 102. அதுவும் 122-க்குக் கீழே இருந்தால் கூடவே பெரியவர் ஒருவர் வர வேண்டும். மகளுக்கு இரண்டு சென்டிமீட்டர் பற்றவில்லை, மகனுக்கு மூன்று. வரிசை தொடங்கும் இடத்திலேயே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அங்கே நின்ற பெண் தமிழ்ப்பெண்தான். "இன்னும் கொஞ்சம் வளர்ந்துட்டு வாங்க பாப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் விடவில்லை. எங்கள் குழுவில் ஒரு அப்பா தன் பையனுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை.

விடாதது சரிதான். மடிமேல் வந்து அழுத்தும் கம்பி அந்த உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். சின்ன உடம்பென்றால் நழுவிவிடும். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கேள்வி உங்களிடம்தான்.

அந்தப் பூங்காவில் 4 வயதிலிருந்து 12 வயதுவரை குழந்தை டிக்கெட். அதாவது காசு வாங்குவது வயதைப் பார்த்து, ஏற்றுவது உயரத்தைப் பார்த்து. இந்த ஒரு வரியை உங்கள் நோட்டீஸில் நான் தேடித்தேடிப் பார்த்தேன். ரோலர் கோஸ்டரில் கையைத் தூக்கிக் கத்தும் பிள்ளைகளின் படம்தான் முதல் பக்கம் முழுக்க இருந்தது. அந்தப் படத்தை என் மகள் மூன்று மாதம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அப்புறம் நேரம். மாலையே காட்பாடியில் வேன் ஏறி, மீனம்பாக்கத்தில் இரவு விமானம் பிடித்தோம். (வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் காலம் எங்கள் பேரப்பிள்ளைகளுக்காவது வாய்க்கட்டும்.) அங்கே இறங்கும்போது காலை ஆறு மணி. நம் ஊர்க் கணக்கில் விடியற்காலை மூன்றரை. அன்றைக்கே பூங்கா என்று திட்டம் போட்டிருந்தார்கள்! ஹோட்டலில் பையை வைத்து, டிபன் முடித்து, வழியில் ஒரு சாக்லேட் கடையிலும் இறக்கி, உள்ளே நுழையும்போது பதினொன்றரை. மதியம் இடி இடித்தது. அந்த ஊரில் அது அடிக்கடி நடப்பதுதான். மின்னல் வந்தால் வெளியில் ஓடுகிற ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் கூரைக்கு அடியில் நின்றோம். மகன் அப்பாவின் தோளிலேயே தூங்கிவிட்டான்.

மழை விட்டது, கூட்டம் கலைந்தது, வரிசைகள் குறைந்தன. சரி, இனிமேல் பிள்ளைகளுக்கு ஏற்ற சின்ன ராட்டினங்களையாவது ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று நினைத்தபோது போன் வந்தது. ஐந்து மணிக்கு எல்லாரும் பஸ்ஸுக்கு வர வேண்டுமாம். ஏனென்றால் லிட்டில் இந்தியாவில் இரவுச் சாப்பாடு தயாராக இருக்கிறதாம். மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு என்பதுதானே உங்கள் பெருமை! அண்ணா, எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கச் சாம்பார்தான். ஒரு நாள் பன்னும் பழமும் சாப்பிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டோம். இப்படிப்பட்ட பூங்காக்களில் வரிசை குறைவாக இருப்பது திறந்த முதல் மணி நேரமும் மூடுவதற்கு முந்தின நேரமும்தான். அந்த இரண்டையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, நடுப்பகல் நெரிசலை மட்டும் கொடுத்தீர்கள்.

எங்கள் ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பாட்டிக்கு அங்கே ஒன்றும் இல்லை, பஸ்ஸிலேயே உட்காரட்டும்" என்றார் உங்கள் ஆள். நான் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டுதான் போனேன். வாட்டர்வேர்ல்டு என்று ஒரு நிகழ்ச்சி. படகு பாய்கிறது, நெருப்பு எரிகிறது, ஒரு ஆள் மேலேயிருந்து தண்ணீரில் விழுகிறான். ஆயா எங்கள் ஊர் அம்மன் கோயில் பாரதக் கூத்தைச் சின்ன வயதிலிருந்து விடிய விடியப் பார்த்தவர். "துரியோதனன் படுகளம் மாதிரியே இருக்குடி, ஆனா சீக்கிரம் முடிச்சிட்டாங்க" என்றார். அன்றைக்கு எங்கள் ஐந்து பேரில் நிறைவாகத் திரும்பியது அவர் ஒருவர்தான்.

இனி நான் கேட்பது. முன்பணம் வாங்கும்போதே பிள்ளைகளின் உயரத்தையும் எழுதி வாங்குங்கள். எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை அழுவதாக இருந்தாலும் அழுகை இங்கேயே முடிந்துவிடும். ஒரு மீட்டர்கூட இல்லாத பிள்ளைகள் அதிகமாக இருந்தால் மலேசியாவில் ஜொகூர் பக்கம் இருக்கும் லெகோலாந்தை யோசியுங்கள். 2012-இல் திறந்த அந்தப் பூங்கா சின்னப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. அதை விட்டுவிட்டு நீங்கள் கோலாலம்பூருக்கு அரை நாள் பஸ் ஓட்டுகிறீர்கள். யுனிவர்சல் பூங்காவை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள், காலை கதவு திறக்கும்போது எங்களை அங்கே விடுங்கள். சாயங்காலம் ஹோட்டலுக்கு வர எங்களுக்கே தெரியும். சிங்கப்பூர் ரயிலில் தமிழிலேயே எழுதியிருக்கிறது.

தேதியையும் கொஞ்சம் பாருங்கள். மே கடைசியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நடுவருட விடுமுறை தொடங்கி ஜூன் கடைசிவரை போகிறது. நம் முழுப்பரீட்சை முடிவது ஏப்ரலில். நடுவில் மூன்று வாரம் சும்மா கிடக்கிறது. ஆனால் நீங்கள் குழு கிளப்புவது மே 25-க்கு மேல்தான். அப்போது அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வரிசையில்.

அடுத்த கோடைக்கு நோட்டீஸ் அடிக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எத்தனை பேர் வருவோம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தப் பொங்கலுக்குக் கோடு போட்டோம். மகள் 124. "ரெண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்மா" என்று அவளே கணக்குச் சொன்னாள். அங்கே எதிரெதிராக ஓடும் இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 வேண்டும் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து இரண்டு பிள்ளைகளின் அம்மா