எனக்கு முன்னால் போனவர்களுக்கு

ஆஸ்லோ, டிசம்பர்

அன்புடையீர்,

இந்த மடல் யாருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டுமோ, அவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. சிலருடைய முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மீதிப் பேரில் ஒருவரைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்க வராது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன், ஒரு வருடமாகச் சேர்ந்துபோன கடன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக நோர்வே வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் இரண்டு குளிர்காலத்தையும் ஜன்னல் வழியாகவே பார்த்துத் தீர்த்தேன். மூன்றாவதிலாவது வெளியே போவோம் என்று பனிச்சறுக்குக் கட்டை வாங்கப் போய் ஏமாந்தேன். கட்டையின் நடுப்பகுதி வில் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். நம் எடை அதை அமுக்கி, மெழுகு பூசிய நடுப்பகுதி பனியில் பட்டால்தான் உந்தி முன்னே போக முடியும். கடைக்காரர் என் தலையில் கட்டியது என்னைவிட இரண்டு மடங்கு கனத்த ஆளுக்கானது. ஒவ்வோர் உந்தலுக்கும் பின்னால்தான் போனேன்.

கீழ்வீட்டுப் பாட்டி, நீங்கள் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்திருக்கிறீர்கள். மறுநாள் நிலவறையிலிருந்து உங்கள் மகளின் பழைய கட்டைகளை எடுத்து வந்து நீட்டினீர்கள். கூடவே நான்கு மெழுகுக் குப்பிகள். கடுங்குளிருக்குப் பச்சை, கொஞ்சம் குளிர் குறைந்தால் நீலம், உறைநிலையை ஒட்டி ஊதா, ஈரப் பனிக்குச் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் நீலம். இந்த ஒரு வரிப் பாடம் வருடம் முழுக்கக் கைகொடுத்தது. பதிலுக்கு நான் கொடுத்த சாம்பாரை நீங்கள் சூப் என்று நினைத்துக் கரண்டியால் குடித்ததும், பாத்திரத்தைக் காலியாகத் தராமல் இலவங்கப்பட்டை ரொட்டி வைத்துத் தந்ததும் தனிக் கதை. வெறும் பாத்திரம் தரக்கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆஸ்லோவில் மெட்ரோ ரயிலிலேயே கட்டையோடு ஏறி, முதல் எண் பாதையின் கடைசி நிறுத்தமான ஃப்ரொக்னெர்சேதெரெனில் இறங்கினால் நூர்மார்க்கா காடு. பனியில் தண்டவாளம் போல இரண்டு கோடுகள் ஓடும். கட்டையை அதற்குள் வைத்தால் போதும். அந்தக் கோடுகள் தானாக விழுந்தவை என்றுதான் பல வாரம் நினைத்திருந்தேன். ஒரு நாள் இருட்டிய பிறகு திரும்பும்போது, பெரிய விளக்குகளோடு ஓர் இயந்திரம் பனியைக் கிளறிச் சமன் செய்து கோடு இழுத்துக்கொண்டு போனது. ஓட்டுநர் கையசைத்தார். 1883இல் தொடங்கிய பனிச்சறுக்குச் சங்கத்தின் வேலை அது. நான் தூங்கும்போது எனக்குப் பாதை போட்ட அந்த ஓட்டுநருக்கு நன்றி.

இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க, கட்டைகளின் முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரிக்க வேண்டும். இந்த ஊரில் அதற்கு ‘ஏர்’ என்று பெயர். உழவர் வீட்டில் பிறந்த எனக்கு ஏர் பிடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் எத்தனை பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்! ஒரு முறை ஐந்து வயதுப் பையன் ஒருவன் நின்று, என் கைத்தடியை எடுத்துக் கொடுத்து, ‘பரவாயில்லை, நானும் சின்ன வயதில் விழுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கும் நன்றி, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

யாழ்ப்பாணத்து அண்ணன், இதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். 1980களில் வந்து, வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் ஆலையில் வேலை பார்த்த உங்களுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘தங்கச்சி, பருத்தி போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதேங்கோ. வேர்வையில நனைஞ்சா அது காயாது. கம்பளி நனைஞ்சாலும் சூடு தரும்’ என்று சொல்லி, அக்காவின் கம்பளி உள்ளாடைகளையே கொடுத்தனுப்பினீர்கள். ஈஸ்டரில் அது எப்படி உதவியது என்று உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அலுவலகத்து நண்பர்கள், கணவனும் மனைவியுமாக இருவர், என்னை ஃபின்சேவுக்குக் கூட்டிப்போனார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம், சாலையே கிடையாது. தென்துருவப் பயணத்துக்கு முன் 1914இல் ஆய்வுப் பயணி ஷேக்கிள்டன் வந்து ஒத்திகை பார்த்த இடம். அங்கிருந்து ஹார்டங்கர்விடா பீடபூமிக்குள் ஒரு நாள் தூரத்தில் இருக்கும் அடுத்த மலைக்குடிலுக்குப் போவதாகத் திட்டம். குளிர்காலத்தில் பாதை பனிக்கு அடியில் போய்விடுவதால், ஈஸ்டருக்கு முன்பே தன்னார்வலர்கள் வழி நெடுக மரக்கிளைகளை நட்டு வைப்பார்கள். கிளையைப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்தில் காற்று எழும்பியது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. நிற்கிறேனா நகர்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. நண்பர் கத்திச் சொன்னார்: அடுத்த கிளை கண்ணில் படாமல் இந்தக் கிளையை விட்டு நகராதே. பிறகு மனைவியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விவாதமே இல்லை, திரும்பிவிட்டோம். இங்கே ‘மலை விதிகள்’ என்று ஒன்பது உண்டு. 1967 ஈஸ்டரில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகுதான் அவை நாடெங்கும் பரவின. அதில் எட்டாவது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. என்னால்தான் திரும்புகிறார்கள் என்று நினைத்தேன். அன்று இரவு அந்த அம்மா ஆரஞ்சை உரித்துக் கொடுத்தபடி, தான் இதே பாதையில் திரும்புவது நான்காவது முறை என்றார். அது உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னதோ, இரண்டுக்கும் நன்றி.

திரும்பி வந்தபோது என் விரல் நுனிகள் வெளுத்து மரத்திருந்தன. நான் பரபரவென்று தேய்க்கப் போனேன். செஞ்சிலுவைத் தன்னார்வலர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தேய்க்கக் கூடாதாம், அக்குளில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டுமாம். ஈஸ்டர் விடுமுறையில் ஊரே ஓய்வெடுக்க, இவர்கள் சம்பளமில்லாமல் மலையில் காவல் இருக்கிறார்கள். யாராவது தொலைந்தால் தேடிப் போவார்கள். அதற்குக் காசும் வாங்குவதில்லை. உணர்வு திரும்ப ஆரம்பித்ததும் விரல்கள் வலித்த வலிக்கு நான் அம்மாவைக் கூப்பிட்டேன், திருநெல்வேலித் தமிழில். அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம் ஆகஸ்ட். இந்த மடலை எழுத வைத்ததே அந்த இரவுதான்.

யூத்துன்ஹைமன் மலைகளில், யென்டே ஏரியைப் படகில் கடந்து, மறுநாள் ஒலாவ்ஸ்பூ குடிலுக்குத் தனியாக நடந்தேன். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து பச்சையாகக் கிடக்கும் ஏரி அது. வழி முழுக்கப் பாறைகளில் சிவப்பு ‘டி’ (T) எழுத்து. 1868இல் தொடங்கிய மலைப்பயணச் சங்கத்தின் தன்னார்வலர்கள் தீட்டுவது. நாடு முழுவதும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படிக் குறித்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் பிடித்த மழை விடவில்லை. குடிலை அடைந்தபோது தொப்பலாக நனைந்திருந்தேன். ஒலாவ்ஸ்பூவில் சமைத்துப் போட ஆள் கிடையாது. கதவைத் திறந்தால், ஆளில்லாத வீடு. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் விறகு பிளந்து அடுக்கியிருந்தது. மேலே, பற்றவைக்கத் தோதாகச் சீவிய சிராய்கள். வாளி நிறையத் தண்ணீர். தீப்பெட்டி, கண்ணுக்குப் படும் இடத்தில். மரமே முளைக்காத உயரம். ஒவ்வொரு விறகும் கீழேயிருந்து வந்தது. அலமாரியில் பட்டாணி சூப், உலர்ந்த ரொட்டி, டின் மீன். எடுத்ததை நாமே எழுதி வைத்துக் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். கேட்க யாரும் இல்லை.

விருந்தினர் ஏட்டில் கடைசியாக எழுதியவர்கள் அன்று காலைதான் கிளம்பியிருந்தார்கள். கையெழுத்து புரியவில்லை. என்னைத் தெரியாது, நான் வருவதும் தெரியாது. யாராவது நனைந்து வரலாம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் அடுப்பு எரிந்தது. நான் அழுதேன், காரணமில்லாமல். புகை என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பரில் திரொம்சோ போனபோது, நகருக்கு மேலே ஏறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்படிகளையும் ஏறினேன். நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து அடுக்கியவை. முழங்கால் சார்பில் அவர்களுக்கு ஒரு கும்பிடு. யாருடைய நிலத்திலும் காட்டு வழியே நடக்கலாம் என்று 1957இல் சட்டம் எழுதியவர்களுக்கும்.

அக்டோபரில் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு ஒரு நாள் போனேன். ஊர்கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு இங்கே ‘டூக்னாட்’ என்று பெயர். எங்கள் ஊரில் குளம் தூர்வாரும் குடிமராமத்து மாதிரி என்றேன். அண்ணன், ‘எங்களுக்கு அது சிரமதானம்’ என்றார். நான் தீட்டியவை பதினொரு ‘டி’. மூன்று கோணல். மழையில் நனைந்து வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

பாட்டி, நேற்று இரவு பனி விழுந்துவிட்டது. உங்கள் மகளின் கட்டைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. நீல மெழுகு தீர்ந்துபோனது; ஞாயிற்றுக்கிழமை வரும்போது புதிது வாங்கி வருகிறேன். சாம்பார் பாத்திரத்துக்கு அவசரமில்லை. ஆனால் இந்த முறை சோறும் தருவேன், கரண்டியைத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
மாடிவீட்டுப் பெண்