எழுத்து மட்டும் போதும் என்பவர்களுக்கு ஜெமினி சர்வர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிற்றிதழ்களும் ஊர் நூலகங்களும் வெறும் கட்டுரைகளை இணையத்தில் வைப்பதற்காக வேர்ட்பிரஸ், தரவுத்தளம், ஓயாமல் புதுப்பிக்க வேண்டிய பிளகின்கள் என்று பெரிய சுமையை ஏற்றுக்கொள்கின்றன. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதும் தளமும் போய்விடுகிறது. இதற்கு ஒரு மெலிந்த வழி 2019 முதல் இருக்கிறது: ஜெமினி நெறிமுறை, அதாவது வாசகரின் உலாவியும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான எளிய விதிகள். கூகுளின் செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதானே தவிர வேறு உறவில்லை.

வாசகரின் உலாவி ஒரே ஒரு வரியில் முகவரியை அனுப்பும். 1024 பைட்டுக்கு மிகக் கூடாது. சர்வர் ஈரிலக்க எண்ணையும் கோப்பின் வகையையும் சொல்லி, கோப்பைக் கொடுத்துவிட்டு இணைப்பை மூடிவிடும். 20 என்றால் கிடைத்தது, 51 என்றால் கோப்பு இல்லை. குக்கி, ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது. குரோமில் திறக்காது, லாக்ரேஞ்ச் போன்ற தனி உலாவி வேண்டும் என்பது உண்மையான குறைதான். ஆகவே இருக்கும் வலைத்தளத்தை மூடிவிட்டு இதற்கு வர வேண்டாம், கூடவே நடத்தலாம்.

ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 போன்ற சின்னஞ்சிறு கணினியே தாராளம். அகேட் என்ற ஜெமினி சர்வர் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒற்றை நிரல். பிராசஸருக்குப் பொருந்தும் கோப்பை இறக்கி, விரித்து, இயக்க அனுமதி கொடுத்தால் போதும். 32 பிட் கணினியில் 64 பிட் கோப்பைப் போட்டால் ஓடவே ஓடாது. கட்டுரைகளை ஒரு ஃபோல்டரில் வைத்து, முகப்புக்கு 'index.gmi' என்ற ஆங்கிலப் பெயர் இடுங்கள். இயக்கும்போது அந்த ஃபோல்டர், தளத்தின் பெயர், மொழிக்குறி (தமிழுக்கு 'ta') மூன்றையும் சொல்லுங்கள். சர்வர் இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசலான போர்ட்டின் எண் 1965. அது 1024-க்கு மேல் இருப்பதால் கணினியின் முழு நிர்வாக அதிகாரமான ரூட் தேவையில்லை. தனிப் பயனர் கணக்கில், லினக்ஸில் நிரல்களைப் பின்னணியில் இயக்கும் சிஸ்டம்டியின் சேவையாக ஓடவிடுங்கள்.

அதிகம் தவறுவது, சர்வரின் அடையாளத்தை உலாவிக்குக் காட்டும் சான்றிதழில். அகேட் முதல்முறை ஓடும்போது தானே சான்றிதழ் உருவாக்கி ஒரு ஃபோல்டரில் வைக்கும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் தெரியாது. கணினி மாற்றும்போது நகலெடுக்காமல் விட்டுப்போகும். வாசகரின் உலாவி முதலில் பார்த்த சான்றிதழைத்தான் நினைவில் வைத்து நம்புகிறது. புதிய சான்றிதழ் வந்தால் பழைய வாசகர் அனைவருக்கும் எச்சரிக்கை காட்டும். அந்த ஃபோல்டரை முதல் நாளே வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அதில் சான்றிதழோடு இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுங்கள்.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்பதே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்) 45 ஆகிவிடும். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கோ இரண்டு வேறு பெயர்கள், 51 வரும். கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதே நலம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும், ஏனெனில் ஜெமினியில் பக்கத்தோடு எழுத்துருவை அனுப்ப வழியில்லை. ஒரு பத்தியை ஒரே நீண்ட வரியாக வையுங்கள். நடுவில் என்டர் தட்டினால் கைபேசியில் வரிகள் கன்னாபின்னாவென்று முறியும். சுட்டிக்குத் தனி வரி: முதலில் => (சமக்குறியும் 'விடப் பெரிது' குறியும்), அடுத்து முகவரி, பிறகு தலைப்பு.

சர்வரிடமிருந்து 53 என்ற எண் வந்தால், இயக்கும்போது கொடுத்த பெயரும் வாசகர் கேட்ட பெயரும் பொருந்தவில்லை என்று பொருள். ரவுட்டரில் வெளியே வேறு போர்ட் எண்ணும் உள்ளே 1965-ம் வைத்தாலும் இதே பதில்தான். உங்கள் வீட்டு இணைப்பின் உள்ளேயிருந்து தளம் திறந்து, வெளியேயிருந்து திறக்காவிட்டால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்திருக்கலாம். ரவுட்டர் காட்டும் முகவரியும் வெளியுலகம் பார்க்கும் முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால், வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் 1965-ஐத் திறந்துவிடலாம், ஆனால் ஐபிவி6 இல்லாத வாசகருக்கு அது எட்டாது. எல்லோருக்கும் எட்ட வேண்டுமானால் சிறிய வாடகை சர்வர்தான் வழி.

– வாசகர், மதுரை